ஐ.நா. வேலையை விடலாமா, அக்கா?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஓர் ஐ.நா. அமைப்பில் நாலு வருடமாகத் திட்ட உதவியாளராக இருக்கிறேன். வலிகாமம் வடக்கில் மீள்குடியேறிய குடும்பங்களுக்கான வாழ்வாதாரத் திட்டம். கரையோர ஊரான மயிலிட்டியின் பெண்கள் மீன்பிடி வலை கேட்கிறார்கள், எங்கள் திட்டத்திலோ கோழிக்கூடுதான் இருக்கிறது. மாற்றச் சொன்னால் கொழும்பு, அப்புறம் தலைமையகம் என்று மாதக்கணக்கில் இழுபடுகிறது. வெளிநாட்டு அதிகாரிகள் ஊரை விளங்கிக்கொள்ளும் நேரம் மாற்றலாகிப் போய்விடுகிறார்கள். எனக்கோ வருடத்துக்கு வருடம் ஒப்பந்தம். இப்போது பிரதேச செயலகத்தில் ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்திருக்கிறது. “பென்சன் உள்ள வேலை, விடாதே” என்கிறா அம்மா. என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி, கோண்டாவில்

பதில்: அன்புத் தங்கச்சி, நேர்முகத் தேர்வுக்குப் போங்கள். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. வேலை கிடைத்தால் எடுப்பதா விடுவதா என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

முதலில் அந்தக் கோழிக்கூடு. அந்தக் காசு பெரும்பாலும் உங்கள் அமைப்பு நினைத்தபடி செலவழிக்கக்கூடிய காசு இல்லை. ஏதோ ஒரு நாட்டு அரசாங்கம், இன்ன வேலைக்கு, இன்ன மாவட்டத்துக்கு என்று எழுதிக் கொடுத்தது. கூட்டை வலையாக்க வேண்டுமென்றால் அவர்களும் சம்மதிக்க வேண்டும். எவ்வளவு கெட்டிக்கார அதிகாரி வந்தாலும் இது மாறாது. அதனால் திட்டம் வந்த பிறகு சண்டை பிடிப்பதை விட, அடுத்த முன்மொழிவு எழுதப்படும்போதே உள்ளே போய்விடுங்கள். கூப்பிடாவிட்டாலும் போங்கள். எத்தனை வீட்டில் வள்ளம் இருக்கிறது, ஒரு வலை என்ன விலை, கரையில் எந்த வேலையைப் பெண்கள் செய்கிறார்கள் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள். கொழும்பில் இருந்து எழுதுபவருக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ள நேரமும் இருக்காது.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். பயனாளிகள் தெரிவு. யாராவது ஓர் அரசியல்வாதி தன் ஆட்களின் பெயரைப் பட்டியலில் போடச் சொன்னால், “எங்களுக்குப் புள்ளித் திட்டம் இருக்கிறது, புள்ளி கூடியவர்களுக்குத்தான், ஐயா” என்று உங்களால் சொல்ல முடிகிறது. ஐ.நா. சாசனத்தின் 100ஆம் உறுப்புரை, அதன் ஊழியர்கள் எந்த அரசாங்கத்திடமிருந்தும் வேறெந்த வெளி அதிகாரத்திடமிருந்தும் பணிப்புரை பெறக்கூடாது என்கிறது. 193 நாடுகளுக்குப் பொதுவான ஓர் அமைப்பு அப்படித்தான் இருக்க முடியும். உங்களைக் களைக்கவைக்கிற அந்தப் படிவங்களும் கையெழுத்துகளும்தான், பரிந்து பேச ஆளில்லாத ஒரு விதவையின் பெயரைப் பட்டியலில் நிற்கவைக்கின்றன. 1990இல் இடம்பெயர்ந்து, கால் நூற்றாண்டுக்கு மேல் முகாம்களிலும் வாடகை வீடுகளிலும் கிடந்து ஊர் திரும்பிய சனத்துக்கு இது சின்ன விஷயமில்லை. இந்த வேலையின் பெறுமதி எனக்குத் தெரிவது இங்கேதான்.

ஆனால் மற்ற மனக்குறை வேறு வகை. ஊரை அறிந்தவருக்கு ஒரு வருட ஒப்பந்தம், வந்து போகிறவருக்கு முடிவெடுக்கும் கதிரை. இதை நீங்கள் சகித்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். 2008 செப்டெம்பரில், போர் நடந்துகொண்டிருந்தபோது, ஐ.நா.வின் சர்வதேச ஊழியர்கள் வன்னியை விட்டு வெளியேறினார்கள். உள்ளூர் ஊழியர்கள் பலர் குடும்பங்களோடு உள்ளேயே அகப்பட்டுப் போனார்கள். முன்னாள் ஐ.நா. அதிகாரி சார்ள்ஸ் பெற்றி தலைமையில் நடந்து 2012இல் வெளிவந்த உள்ளக மீளாய்வு, ஐ.நா. இலங்கையில் பாரதூரமாகத் தவறியது என்று சொன்னது. களத்திலிருந்து திரட்டிய உயிரிழப்பு எண்ணிக்கைகளை வெளியில் சொல்லத் தயங்கியதையும் அது குறை கூறியது. உள்ளூர் ஆட்களுக்குத் தெரிந்தது மேலே போய்ச் சேராமல், சேர்ந்தாலும் மதிக்கப்படாமல் போனால் என்ன நடக்கும் என்பது நம் சனத்துக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆகவே கூட்டங்களில் பேசாமல் இருக்காதீர்கள். பேசியதைக் கூட்டக் குறிப்பில் எழுதவையுங்கள். புது அதிகாரி வந்தால் முதல் கிழமையே மயிலிட்டிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

சரி, அம்மாவின் கவலைக்கு வருவோம். அது நியாயமானது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்த பிறகு பல ஐ.நா. அமைப்புகள் ஆட்குறைப்பில் இறங்கின. உங்கள் ஒப்பந்தம் எந்த வகை என்று ஆளணிப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். முறையான ஊழியர் நியமனம் என்றால், ஐ.நா. ஓய்வூதிய நிதியத்தில் ஐந்து வருடப் பங்களிப்பு முடிய ஓய்வூதிய உரிமை வரும். நாலு வருடமும் அதில் சேர்ந்திருந்தால், இன்னும் ஒரு வருடத்துக்குக் காசு இருக்கிறதா என்றும் கேட்டுவிட்டு இருங்கள் என்பேன். அந்த நிதியத்தில் சேராத வெறும் சேவை ஒப்பந்தம் என்றால், வீட்டுப் பொறுப்பும் உங்கள் தலையில் என்றால், அரச வேலையை எடுங்கள். பிரதேச செயலகத்திலும் பயனாளிப் பட்டியல் போடுகிறார்கள். அதை நேர்மையாகப் போடத் தெரிந்த ஒருவர் அங்கேயும் வேண்டும்.