மஸ்டாங் எடுப்பதானால் இரண்டாக எடுங்கள்

கேள்வி: டெக்சாஸில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. அரசு தத்துக் கொடுக்கும் மஸ்டாங் காட்டுக்குதிரை ஒன்றை வளர்க்க ஆசை. தனியாக இருந்தால் ஏங்கிப்போகுமா? தரகர் ஒருவர், ‘ஒற்றையாக வைத்தால்தான் உங்களிடம் ஒட்டும், உரிமைப் பத்திரத்தோடு உடனே தருகிறேன்’ என்கிறார்.

பதில்: நிச்சயம் ஏங்கும். ஓர் ஆண், சில பெட்டைகள், குட்டிகள்: மஸ்டாங்கின் குடும்பம் இதுதான். இரண்டு, மூன்று வயதில் அதைவிட்டு வெளியேறும் இளம் ஆண்கள்கூடத் தனியே திரிவதில்லை, தங்களுக்குள் கூட்டம் சேர்ந்துகொள்ளும். ஒன்று படுத்தால் இன்னொன்று காவல் நிற்கும். குதிரை நின்றபடி கண்ணயரும், ஆனால் படுத்தால்தான் ஆழ்ந்த உறக்கம். காவலுக்குத் துணையில்லாத குதிரை படுக்கவே பயப்படும். தூக்கம் கெட்டு, நின்ற இடத்திலேயே முன்னங்கால் மடங்கிச் சரியும். முன்னங்கால் முட்டியில் ஆறாத சிராய்ப்பு தெரிந்தால் இதைச் சந்தேகியுங்கள். காயடித்த ஆண் இரண்டு எடுங்கள். அல்லது பழகிய குதிரை ஒன்றைத் துணைக்கு வையுங்கள்.

தத்துக் கொடுக்கும் அமெரிக்க அரசின் நில மேலாண்மைத் துறை (பி.எல்.எம்.) குதிரைகளை ஹெலிகாப்டரால் விரட்டிப் பிடித்து, ஆண், பெண், வயது என்று குடும்பத்தைப் பிரித்து, 125 டாலரிலிருந்து ஒவ்வொன்றாகக் கொடுக்கிறது. இரண்டாகத்தான் எடுக்க வேண்டும் என்று விதி போட்டால் என்ன கெட்டுவிடும்?

தரகர் விஷயத்தில் உஷார். தத்தெடுத்த குதிரை ஓராண்டுக்கு அரசின் சொத்து. அதன்பின் கால்நடை மருத்துவர் போன்றவரின் சான்றோடு விண்ணப்பித்தால்தான் பத்திரம் வரும். அதற்குமுன் விற்பது குற்றம். தத்தெடுப்பவருக்குத் துறை தரும் என்று 2019இல் தொடங்கிய 1000 டாலர் ஊக்கத்தொகையை வாங்கிக்கொண்டு, பத்திரம் கிடைத்ததும் குதிரையை இறைச்சிக்குப் போகும் ஏலத்தில் தள்ளியவர்கள் உண்டு. அந்தத் திட்டத்தை 2025இல் நீதிமன்றம் ரத்து செய்தது.

ஒரு விலக்கு உண்டு. 10 வயதைத் தாண்டியது, அல்லது மூன்று முறை தத்துக்கு வைத்தும் யாரும் எடுக்காதது என்றால், 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி துறையே நேரடியாக விற்கும். பத்திரம் உடனே கைமாறும். தரகர் இதைத்தான் எல்லாக் குதிரைக்கும் சொல்லி ஏமாற்றுவார். ஐந்து வயதுக் குதிரையைக் காட்டினால், மூன்று முறை வைத்ததற்குத் துறையின் ஆவணத்தைக் கேளுங்கள். அவர் பெயரில் துறை கொடுத்த விற்பனை ரசீதையும் கேளுங்கள். கழுத்தின் இடப்பக்கம் உள்ள உறைமுத்திரை (உறைகுளிர் இரும்பால் இட்ட அடையாளம்) எண்ணைச் சொல்லி, குதிரை யார் பெயரில் இருக்கிறதென்று பி.எல்.எம்.மில் நீங்களே விசாரியுங்கள். மறுபேச்சு வந்தால் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பழகாத வளர்ந்த குதிரைக்கு 6 அடி வேலி, தலைக்கு 400 சதுர அடிப் பட்டி வேண்டும், முள்கம்பி கூடாது. சாய்பலகை இறக்கி ஏற்றும் வண்டியைத் துறை ஏற்காது. சாய்பலகை இல்லாமல் குதிரையே கால் தூக்கி ஏறும் கால்நடை டிரெய்லர் பிடித்து, இரண்டையும் ஒரே நாளில் கொண்டுவாருங்கள்.