கினபாத்தாங்கானில் யானைக்கு உத்தரவாதம் கிடையாது: படகுச் சுற்றை எண்ணிப் பணம் கட்டுங்கள்

கேள்வி: அரையாண்டு விடுமுறையில் அம்மா (67 வயது), மனைவி, 11 வயது மகன் ஆகியோருடன் மலேசியாவின் சபா மாநிலத்துக்குப் போய், கினபாத்தாங்கான் ஆற்றோரம் காட்டு விலங்குகளைப் பார்க்க ஆசை. ஏஜென்ட் இரண்டு பேக்கேஜ் சொல்கிறார். ஒன்று, சண்டாக்கானிலிருந்து போய் அன்றே திரும்புவது. மற்றது '3 நாள் 2 இரவு'. ஒரு நாளே போதும், யானையும் ஒராங்ஊத்தானும் நிச்சயம் என்கிறார். நம்பலாமா? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு.

பதில்: நம்ப வேண்டாம். ஒரு நாள் பேக்கேஜை இப்போதே மறந்துவிடுங்கள். '3 நாள் 2 இரவு' என்பதையும் பிரித்து மேயாமல் முன்பணம் கட்டாதீர்கள்.

அந்த ஆற்றில் ஏறக்குறைய நிச்சயம் என்று சொல்லத்தக்கவை இரண்டுதான். ஒன்று நீளவால் குரங்கு; அதைப் பார்க்க யாரும் கடல் தாண்டுவதில்லை. மற்றது நீள்மூக்குக் குரங்கு. போர்னியோவைத் தவிர வேறெங்கும் இல்லாத ஜாதி அது. இலையும் காயும் தின்று பகலெல்லாம் காட்டுக்குள் இருந்துவிட்டு, இருட்டுவதற்குள் ஆற்றோர மரங்களுக்கு வந்து அங்கேயே தூங்கும். அதனால்தான் எல்லா விடுதியும் மாலை நாலு மணிக்குப் படகை எடுக்கிறது. டிசம்பரில் அங்கே ஆறு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும் என்பதால் அந்த இரண்டு மணி நேரம்தான் கணக்கு.

யானை அப்படியல்ல. போர்னியோ யானைகள் மொத்தமே ஆயிரம் அளவில்தான் மிஞ்சியிருக்கின்றன. கூட்டம் கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கும். இந்த வாரம் சுக்காவ் கிராமத்தருகே புல் மேயும். அடுத்த வாரம் படகு எட்டாத தூரத்தில் நிற்கும். எங்கே நிற்கிறது என்று வழிகாட்டிகள் ஒருவருக்கொருவர் ஃபோனில் சொல்லிக்கொள்வார்கள். அந்தத் தகவல் ஒரு நாள், இரண்டு நாளுக்குத்தான் தாங்கும். மூன்று மாதம் முன்னால் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு யானை நிச்சயம் என்று சொல்கிறவருக்கு யானையைப் பற்றி எதுவும் தெரியாது.

ஒராங்ஊத்தான் பெரும்பாலும் தனியாக இருக்கும், சத்தம் போடாது. அத்திமரம் பழுத்திருந்தால் நாள் கணக்கில் அதிலேயே கிடக்கும், பழுக்காவிட்டால் காட்டுக்குள் மறைந்துவிடும். நல்ல வழிகாட்டி முதலில் கூட்டைத் தேடுவார். அந்தக் குரங்கு மாலைதோறும் கிளைகளை உள்பக்கமாக மடித்து, இலைக்கொத்தைப் பரப்பிப் புதுக் கூடு கட்டும். கூட்டில் இலை பச்சையாக இருந்தால் ஆள் பக்கத்தில்தான் இருக்கிறது. பழுப்பேறிச் சரிந்திருந்தால் போய்ப் பல நாள் ஆயிற்று. பச்சைக் கூட்டைக் கண்ட மாலைக்கு மறுநாள் விடியலில் அதே இடத்துக்குத் திரும்பிப் போக முடிய வேண்டும். ஒரு நாள் பேக்கேஜில் அந்த விடியலே கிடையாது.

பின்னே ஏஜென்ட் எந்தத் தைரியத்தில் 'நிச்சயம்' என்கிறார்? சண்டாக்கானுக்குப் பக்கத்தில் இருக்கும் செப்பிலோக்கில் 1964 முதல் ஒராங்ஊத்தான் மறுவாழ்வு மையம் இருக்கிறது. காலை 10 மணிக்கும் மாலை 3 மணிக்கும் மேடையில் உணவு வைப்பார்கள், குரங்குகள் வரும். நல்ல இடம், போய்ப் பாருங்கள். ஆனால் அது ஆற்றுக்காடு அல்ல. லாபுக் விரிகுடாவிலும் இதே மாதிரி நீள்மூக்குக் குரங்குகளுக்கு உணவு வைக்கும் மேடை உண்டு. இரண்டையும் நிகழ்ச்சி நிரலில் சேர்த்துவிட்டால் 'பார்த்தாயிற்று' கணக்கு முடிந்துவிடும். ஏஜென்ட் பொய் சொன்னதாகவும் ஆகாது!

இப்போது கணக்குக்கு வருவோம். நாட்களை எண்ண வேண்டாம். படகுச் சுற்றை எண்ணுங்கள். ஒரு சுற்று சுமார் இரண்டு மணி நேரம். சண்டாக்கானிலிருந்து சுக்காவ் ஏறத்தாழ 130 கிலோமீட்டர், வேனில் இரண்டு முதல் இரண்டரை மணி. ஒரு நாள் பேக்கேஜில் போக வர ஐந்து மணி நேரம் செம்பனைத் (பாமாயில் பனை) தோட்டத்தைப் பார்ப்பீர்கள், ஆற்றை இரண்டு மணி நேரம். ஆற்றோரம் இரண்டு இரவு தங்கினால் முதல் நாள் மாலை, இரண்டாம் நாள் விடியல், அன்று மாலை, மூன்றாம் நாள் விடியல் என்று நான்கு சுற்று. இரவுச் சுற்றும், காலை ஒன்பது மணி வாக்கில், பழைய ஆற்று வளைவு துண்டாகி உண்டான குதிரைலாட ஏரிக்குப் போகும் சுற்றும் சேர்ந்தால் ஆறு. ஒரு சுற்று மழையில் போனாலும் மீதி கையில் இருக்கும்.

'3 நாள் 2 இரவு' பித்தலாட்டம் இங்கேதான் நடக்கிறது. முதல் இரவைச் செப்பிலோக்கில் தங்கவைத்து, இரண்டாவது இரவை மட்டும் ஆற்றோரம் கொடுப்பார்கள். மொத்தம் இரண்டே சுற்று. அதிலும் ஒரு மாலையை வௌவால்கள் அடையும் கோமந்தோங் குகைக்கு மாற்றிவிடுவார்கள். வௌவால் கூட்டம் கூட்டமாக வெளியேறும் நேரமும் நீள்மூக்குக் குரங்கு கரைக்கு வரும் நேரமும் ஒன்றே. இரண்டையும் பார்க்க முடியாது. குகைக்குள் மரப்பாலம் எச்சத்தால் வழவழவென்று இருக்கும், கைப்பிடியில் கரப்பான் ஊரும். அம்மாவை அங்கே கூட்டிப் போகாதீர்கள்.

ஆற்றோரம் ஒரே ஓர் இரவு போதுமான சந்தர்ப்பம் ஒன்று உண்டு. பலர் இதைத் தவறாகப் பிடித்துக்கொண்டு ஏமாறுவதால் விளக்கமாகவே சொல்கிறேன். முந்தின இரவே நீங்கள் சண்டாக்கானிலோ செப்பிலோக்கிலோ தங்கியிருக்க வேண்டும். மதியம் இரண்டு மணிக்குள் ஆற்றோர விடுதியில் பெட்டியை இறக்கியிருக்க வேண்டும். நாலு மணிச் சுற்று, இரவுச் சுற்று, மறுநாள் ஆறு மணிச் சுற்று, ஒன்பது மணி ஏரிச் சுற்று ஆகிய நான்கும் உங்கள் பேக்கேஜில் எழுதப்பட்டிருக்க வேண்டும். திரும்பும் விமானம் அன்று மாலை ஐந்துக்குப் பிறகோ மறுநாளோ இருக்க வேண்டும். இந்த நான்கும் சேர்ந்தால் ஓர் இரவிலேயே நான்கு சுற்று கிடைத்துவிடும். ஒன்று குறைந்தாலும் கணக்கு கவிழும். அன்று காலை விமானத்தில் சண்டாக்கானில் இறங்கி நேராக ஆற்றுக்குப் போகிறோம் என்பவர்களுக்கு இது பொருந்தாது. விமானம் ஒரு மணி நேரம் தாமதமானால் விடுதி வேன் போய்விடும், நாலு மணிச் சுற்று போய்விடும், பாதிப் பணம் போன மாதிரிதான். மதிய விமானத்துக்குத் திரும்புகிறவர்களுக்கும் பொருந்தாது. மழைக்காலத்திலும் பொருந்தாது, நீங்கள் போவதோ டிசம்பரில்.

டிசம்பரைப் பற்றி ஏஜென்ட் வாயே திறந்திருக்க மாட்டார். நவம்பர் முதல் பிப்ரவரி, மார்ச் வரை கீழ்க் கினபாத்தாங்கானில் மழையும் வெள்ளமும் வரும் காலம். ஆறு ஏறினால் நடைபாதைகள் முழுகும், யானை மேட்டு நிலத்துக்கு ஒதுங்கும். தூறலில் படகு போகும்; இடி மின்னல் என்றால் போகாது, பணமும் திரும்பாது. முடிந்தால் கோடை விடுமுறைக்கு, மே மாதத்துக்கு மாற்றுங்கள். முடியாதென்றால் ஆற்றோரம் இரண்டு இரவுக்குக் குறையாமல் தங்குங்கள்.

ஏஜென்டிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை சில. விடுதியின் பெயர் என்ன? 'அல்லது அதற்கு இணையான' என்ற சொற்றொடர் ரசீதில் இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். கடைசி நாளில் உங்களை வேறு விடுதிக்குத் தள்ளுவது அந்த ஓட்டை வழியாகத்தான். ஒரு படகில் எத்தனை பேர்? எட்டுக்கு மேல் என்றால் எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்து எட்டிப் பார்ப்பார்கள். பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் உண்டா? விலங்கை நெருங்கும்போது எஞ்சினை அணைத்து மின்மோட்டாரில் ஊர்ந்தால்தான் அது கிளையிலேயே இருக்கும். யானை தொலைவில் இருந்தால் கூடுதல் எரிபொருளுக்கு யார் காசு? மலேசியாவில் சுற்றுலா நிறுவனத்துக்கும் வழிகாட்டிக்கும் சுற்றுலா அமைச்சின் உரிமம் வேண்டும், எண்ணைக் கேளுங்கள். இதற்கெல்லாம் மழுப்புகிறவரை விட்டுவிட்டு விடுதிக்கே நேராக மின்னஞ்சல் அனுப்புங்கள். வெளிநாட்டவர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி கட்ட வேண்டும். அதை 'சரணாலயக் கட்டணம்' என்று தலைக்கு இத்தனை எனப் பெருக்கி வாங்குபவர்களிடம் ரசீது கேளுங்கள்.

தங்குவதற்கு ஆற்றோரக் கிராமங்களில் சுக்காவா, பிலிட்டா என்று கேட்பீர்கள். சுக்காவிலிருந்து மெனங்குல் என்ற குறுகலான கிளையாறு பக்கம். குரங்கு நிறைய, படகும் நிறைய. ஓர் ஒராங்ஊத்தானைச் சுற்றிப் படகுகள் முண்டியடிப்பதும் உண்டு. இத்தனைக்கு மேல் கூடாது என்று ஒருவர் கறாராக நின்றால் தீர்ந்துபோகும் சங்கதி. பிலிட்டில் நெரிசல் கொஞ்சம் குறைவு. இரண்டிலும் விலங்குகள் இவ்வளவு எளிதாகக் கண்ணில் படுவதற்குக் காரணம் இனிப்பானதல்ல. 2005இல் அறிவித்த சரணாலயம் சுமார் 26,000 ஹெக்டேர், அதுவும் பத்துத் துண்டுகளாக. சுற்றிலும் செம்பனை. போக இடமில்லாத விலங்குகள் ஆற்றோரக் காட்டுப் பட்டையில் அடைந்து கிடக்கின்றன. கரையிலிருந்து 20 மீட்டரைத் தொடக்கூடாது என்று 1998இலேயே சபாவில் சட்டம் வந்துவிட்டது. செம்பனை தண்ணீர் வரை இறங்கி நிற்கும் இடங்களைப் படகிலிருந்து பார்க்கும்போது சட்டத்தின் லட்சணம் உங்களுக்கே புரியும்.

அம்மா விஷயத்தில் படகைவிடப் படகுத்துறைதான் சிக்கல். மிதக்கும் துறை என்றால் படகின் விளிம்பும் துறையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். நிலையான துறை என்றால் நீர் வற்றிய நாளில் செங்குத்தான படிகளில் இறங்க வேண்டும். துறையின் புகைப்படத்தை வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்குங்கள். முதுகு சாய்க்கும் இருக்கை உண்டா, அறை தரைத்தளத்தில் கிடைக்குமா என்றும் கேளுங்கள். படகில் கழிப்பறை கிடையாது. இரண்டு மணி நேரக் கணக்கை அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மகனைத் தண்ணீரில் கை விட்டு அளைய விடாதீர்கள். உவர்நீர் முதலைகள் உள்ள ஆறு அது.

பைனாகுலர் 8x42 (8 மடங்கு பெரிதாக்குவது) எடுங்கள். 10 மடங்கு பெரிதாக்குவது ஆடும் படகில் கையோடு சேர்ந்து ஆடும். இருவாச்சியைப் பார்க்க 8x42 ஒன்றே போதும்; போர்னியோவின் எட்டு வகை இருவாச்சிகளும் இந்த ஆற்றோரத்தில் உண்டு. குடை வேண்டாம், தலையோடு மூடும் மழைக்கோட்டு வேண்டும். அட்டை கடிக்காமல் தடுக்கும் காலுறை காட்டுக்குள் நடப்பவர்களுக்குத்தான். படகோடு திரும்புகிறவர்களிடம் அதை விற்பது வீண்செலவு.

கோலாலம்பூரில் முத்திரை குத்திவிட்டார்களே என்று கடவுச்சீட்டைப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். சபாவுக்குத் தனிக் குடிநுழைவுச் சோதனை உண்டு. மலேசியாவுக்கான மின்னணு வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் அரசுத் தளத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் போலி. இந்தியர்களுக்கான 30 நாள் விசா விலக்கு காலக்கெடு வைத்து நீட்டிக்கப்படும் சலுகை என்பதால் டிக்கெட் எடுக்கும் அன்று நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக மலேரியா. சபாவில் பரவுவது குரங்கிலிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் நோலெசி வகை. இதன் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும் என்பதால் நோய் சட்டென்று முற்றும். மாத்திரை வேண்டுமா என்பதை, அம்மா இப்போது சாப்பிடும் மருந்துகளையும் காட்டி, டாக்டரிடம் மூன்று நான்கு வாரம் முன்பே கேளுங்கள். மாலையானதும் முழுக்கை, முழுக்கால்சட்டை, தோலில் கொசுவிரட்டி. ஊர் திரும்பிய பிறகு யாருக்காவது காய்ச்சல் வந்தால், 'வைரல் ஃபீவர்' என்று சீட்டு எழுதத் தொடங்குவதற்கு முன்பே சபா காட்டுக்குப் போய்வந்ததைச் சொல்லி, அன்றே ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.