நல்ல பேஸ் கேபினெட்டை ஏன் எல்லாரும் வித்துடறாங்க?

கேள்வி: நான் பேஸ் கிடார் வாசிக்கறேன் சார். செகண்ட் ஹேண்ட்ல நல்ல கேபினெட், அதாவது ஸ்பீக்கர் பெட்டி ஒண்ணு வாங்கலாம்னு கொஞ்ச நாளா விளம்பரங்களை மேஞ்சுட்டு இருக்கேன். எல்லாரும் ஆகா ஓகோன்னு புகழற ஹை-எண்ட் பெட்டிங்கதான் திரும்பத் திரும்ப விற்பனைக்கு வருது, அதுவும் "வாங்கி ஆறு மாசம்தான் ஆச்சு", "வீட்டை விட்டு வெளிய எடுத்ததே இல்ல"ன்னு குறிப்போட. சாதா பெட்டிங்க இந்த அளவுக்கு வரக் காணோம். அவ்வளவு நல்ல சாமான்னா ஏன் கை கழுவறாங்க? ஏதாவது வில்லங்கம் இருக்குமோ?

பதில்: பெட்டில வில்லங்கம் இருக்கறது அபூர்வம்ங்க. முதல்ல இந்த விளம்பரக் கணக்கையே கொஞ்சம் சந்தேகப்படுங்க. சாதா கேபினெட்டை யாரும் மெனக்கெட்டு போட்டோ எடுத்து விளம்பரம் போட மாட்டாங்க, ஏன்னா அதை பேக் பண்ணி அனுப்பற செலவே கிடைக்கற காசைத் தின்னுடும், அதனால அது ரிகர்சல் ரூம் மூலையில கிடக்கும் இல்ல தெரிஞ்ச பையன் யாருக்காவது சும்மா போயிடும். பேர் இருக்கற பெட்டிக்கு மட்டும் எப்பவும் வாங்க ஆள் உண்டு. இன்னொண்ணு, அதை செகண்ட் ஹேண்ட்ல வாங்கினவர் ஒரு வருஷம் வாசிச்சுட்டு கிட்டத்தட்ட வாங்கின விலைக்கே தள்ளி விட்டுடலாம், முதல்ல புதுசா வாங்கினாரே ஒரு மகராசன், அடி அவருக்கு மட்டும்தான். அப்புறம் வர்றவங்களுக்கு அது கிட்டத்தட்ட இலவச ட்ரையல். ஒரே பெட்டி நாலு கை மாறினா நாலு விளம்பரம், பாக்கற உங்களுக்கு என்னமோ நாலு பேர் வெறுத்துப் போய் வித்த மாதிரி தெரியும்.

சரி, அது பாதிக் கதை. நிஜமாவே ஆசை ஆசையா வாங்கி ஏமாந்து விக்கறவங்களும் நிறைய பேர் இருக்காங்க. அவங்க எதுல ஏமாந்தாங்கன்னு பாத்தா பெரும்பாலும் பெட்டியால தீர்க்கவே முடியாத ஒரு பிரச்சனைக்குப் பெட்டி வாங்கி இருப்பாங்க.

ஸ்டேஜ்ல பேஸ் வாசிக்கறவர் எங்க நிக்கறார்னு பாருங்க. ஃபோர்-டென் கேபினெட் ஒண்ணு, அதாவது 10 இஞ்ச் ஸ்பீக்கர் நாலு இருக்கற பெட்டி, தரையில வச்சா இடுப்பு உயரம்கூட வராது, அவர் அதுக்கு ஒரு மீட்டர் முன்னால முதுகைக் காட்டிட்டு நிக்கறார். தாழ்ந்த சத்தம் எல்லாப் பக்கமும் பரவும், ஆனா 1000, 1500 ஹெர்ட்ஸுக்கு மேல போகப் போக 10 இஞ்ச் கோன்ல, அதாவது ஸ்பீக்கர்ல அதிர்ற கூம்புல இருந்து வர சத்தம் டார்ச் வெளிச்சம் மாதிரி குறுகி நேரா போகும், அப்படின்னா விரல் சரத்துல படற அந்தத் தெளிவு, நோட்டுக்கு ஒரு விளிம்பு குடுக்குதே, அது முழுக்க அவர் முட்டிக்குப் பின்னால மோதுது. காதுக்கு வர்றது வெறும் முழக்கம். உடனே ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) பக்கம் திரும்பி ட்ரெபிளை, அதாவது உயர்ந்த சத்தத்தை ஏத்துறார், போதலை, இன்னும் ஏத்துறார், முன் வரிசையில உக்காந்திருக்கறவருக்குக் காதுல ஊசி குத்துது. ராத்திரி வீட்டுக்கு வந்ததும் "என் கேபினெட்ல தெளிவே இல்ல"ன்னு முடிவு பண்ணி விலை கூடின ஒண்ணைத் தேட ஆரம்பிச்சுடறார். அந்தப் பெட்டியை ஒரு நாற்காலி மேல தூக்கி வச்சிருந்தாலோ, பின்பக்கம் முட்டுக் குடுத்து கொஞ்சம் சாய்ச்சு வச்சிருந்தாலோ பாதிப் பிரச்சனை அங்கயே முடிஞ்சிருக்கும். புதுப் பெட்டி வந்தும் அதே முட்டி உயரத்துல அதே மாதிரி நின்னா புதுசும் அதே குறையோடதான் கேக்கும். அடுத்த விளம்பரம் ரெடி.

இதுக்கு நடுவுல "பேஸ் அலை உருவாகத் தூரம் வேணும், அதான் கிட்ட நின்னா கேக்கலை"ன்னு ஒரு விளக்கம் சுத்திட்டு இருக்கும், அதை நம்பாதீங்க, அப்படின்னா ஹெட்போன்ல பேஸே கேக்கக் கூடாது. ரூம் பண்ற வேலைதான் அது. நாலு சர பேஸோட கீழ் ஈ 41 ஹெர்ட்ஸ், அதோட அலை நீளம் 8 மீட்டருக்கு மேல வரும், சுவருக்கும் சுவருக்கும் நடுவுல அது போய் வந்து மோதறப்ப ஒரு எடத்துல நின்னா நோட்டு காணாமப் போகும், ரெண்டு மீட்டர் தள்ளி நின்னா நெஞ்சை அடைக்கும். மூலையில ஒட்டி வச்சா ஊதிக்கும், திறந்தவெளி மேடையில அதே பெட்டி சோகை பிடிச்ச மாதிரி கேக்கும். பாவம், திட்டு எல்லாம் பெட்டிக்கு.

அடுத்தது வீட்டு டெஸ்ட். கம்மி வால்யூம்ல நம்ம காது தாழ்ந்த சத்தத்தைச் சரியா வாங்காது, ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேர் 1933லயே அளந்து சொன்ன விஷயம். வீட்டுல மெதுவா வாசிச்சுப் பாத்து "ஆகா, என்ன ஒரு கனம்"னு தேர்ந்தெடுக்கற பெட்டியும் செட்டிங்கும் ஸ்டேஜ் வால்யூம்ல சேறு மாதிரி ஆயிடும். "வீட்டை விட்டு வெளிய எடுத்ததே இல்ல"ங்கற விளம்பரத்தைப் பாத்தா எனக்கு இதுதான் ஞாபகம் வரும், ஒருவேளை ஒரே ஒரு தடவை வெளிய எடுத்திருப்பாரோ என்னவோ.

ஹை-எண்ட் பெட்டிக்குன்னே தனியா ஒரு காரணமும் இருக்கு, எனக்கு இதுதான் முக்கியமாப் படுது. பழைய ராக் ரெக்கார்டு, பழைய மேடைகள்ல நாம கேட்டு மயங்கின பேஸ் டோன் எதுவும் நேர்மையான டோன் கிடையாது. ஆம்பெக் எஸ்விடின்னு 300 வாட் வால்வ் ஆம்ப் 1969ல வந்துச்சு, அதோட எயிட்-டென் கேபினெட்டை, அதாவது 10 இஞ்ச் ஸ்பீக்கர் எட்டு இருக்கற பெட்டியை, வாசிக்கறவங்க செல்லமா ஃப்ரிட்ஜ்னே கூப்பிடுவாங்க. அந்தப் பெட்டியோட இன்னைய மாடலுக்குக் கம்பெனியே குடுக்கற கணக்குப்படி 58 ஹெர்ட்ஸ்லயே சத்தம் 3 டெசிபெல் இறங்கிடுது, 40 பக்கம் வர்றப்ப 10 டெசிபெல் போயிடுது, மேல 5000 ஹெர்ட்ஸோட கதை முடிஞ்சுது. அதாவது கீழ் ஈயோட அடி ஸ்வரத்தை அந்தப் பெட்டி முழுசா குடுக்கறதே இல்ல. 82 ஹெர்ட்ஸ்ல வர அடுத்த ஹார்மோனிக்கையும் (அடி ஸ்வரத்தோட மடங்குல கூடவே வர மேல் ஸ்வரம்) அதுக்கு மேல இருக்கறதையும் வச்சு மூளை மிச்சத்தைப் போட்டு நிரப்பிக்குது. நாம "வார்ம்"னு சொல்றது இந்தக் குறைகளைத்தான்.

இப்படிப் பழகின காதோட ஒருத்தர் ஃப்ளாட் ரெஸ்பான்ஸ் (எல்லா ஸ்வரத்தையும் கூட்டாம குறைக்காம குடுக்கறது), நடு ஸ்வரத்துக்குத் தனி மிட்ரேஞ்ச் ஸ்பீக்கர், உயர்ந்த சத்தத்துக்கு நல்ல ட்வீட்டர், 40 ஹெர்ட்ஸ் வரைக்கும் இறங்குதுன்னு எல்லாம் இருக்கற பெட்டியை வாங்கறார். பிளக் பண்ணினதும் என்ன கேக்குது? விரல் சரத்துல உரசற சத்தம், ஃப்ரெட்ல சரம் தட்டற டக் டக், இடது கை இடம் மாறறப்ப வர கீச்சு, கூடவே ஆம்ப்போட உஸ்ஸு. பெடல்ல டிஸ்டார்ஷன் போட்டா ட்வீட்டர் வழியா தேனீக் கூட்டம் பறக்குது. கீழ 40 ஹெர்ட்ஸ் வேற, மரப்பலகை மேடையில அது மேடையையே சேர்த்து ஆட்டி கிக் ட்ரம்மோட கலந்து கொழகொழன்னு ஆக, சவுண்டு இஞ்சினியர் வந்து "அண்ணே, கீழ கொஞ்சம் கட் பண்ணுங்க"ன்னு நிக்கறார். பெட்டி வாங்கினவர் ஹை-பாஸ் ஃபில்ட்டர் (தாழ்ந்த சத்தத்தைத் தடுக்கறது) போட்டு கீழயும் வெட்டி, ட்வீட்டரையும் அணைச்சு, கடைசியில பழைய பெட்டி எப்படிக் கேட்டுச்சோ அங்க கொண்டு வந்து நிறுத்தறார். அப்புறம் எதுக்கு இதுன்னு தோணத்தானே செய்யும்? இதே பெட்டி ஸ்லாப் (சரத்தைக் கட்டை விரலால அடிக்கறது), ஆறு சர பேஸ், கார்ட் (பல ஸ்வரம் ஒண்ணா) வாசிக்கறவர் கையில கிடைச்சா அவர் அதைத் தெய்வமா வச்சுக் கும்பிடுவார். அவர் விக்கலை, அதனால அவர் உங்க கண்ணுல படலை.

எடையைச் சொல்லாம விட முடியாது. அந்த ஃப்ரிட்ஜ் 63 கிலோ. பழைய ஃபெர்ரைட் மேக்னட் ஃபோர்-டென் நிறைய மாடல் 40 கிலோ தாண்டும். இருபத்தஞ்சு வயசுல ரெண்டு மாடி ஏத்தினவர் நாப்பத்தஞ்சு வயசுல படிக்கட்டைப் பாத்ததும் முதுகைப் பிடிச்சுக்கறார். வேற சில பேருக்குப் பெட்டிக்கே வேலை இல்லாமப் போயிடுச்சு, டிஐ பெட்டி (கிடார் சிக்னலை மிக்ஸருக்குக் குடுக்கறது) வழியா நேரா பிஏக்கு, அதாவது ஹால் ஸ்பீக்கருக்குப் போயிடறாங்க, காதுல இன்-இயர் இயர்போன், ஸ்டேஜ்ல சத்தமே கிடையாது. இவங்க கிட்ட இருந்து வர்ற பெட்டியைக் கண்ணை மூடிட்டு வாங்கலாம்.

கேள்வி: அப்ப சின்னதா, லேசா, கீழ வரைக்கும் இறங்கற மாதிரி, சத்தமாவும் இருக்கற பெட்டி ஒண்ணு வாங்கிட்டா இந்த அலைச்சல் நின்னுடாதா?

பதில்: அந்தப் பெட்டியைத் தேடித்தான் பாதிப் பேர் வித்து வித்து வாங்கிட்டு இருக்காங்க. ஹாஃப்மன்னு ஒருத்தர், கேஎல்எச் ஸ்பீக்கர் கம்பெனியோட அந்த எச் இவர்தான், இவர் பேர்ல ஹாஃப்மன் இரும்பு விதின்னு ஒண்ணு இருக்கு. சின்ன சைஸ், ஆழமான பேஸ், கம்மி பவர்ல அதிக சத்தம், இந்த மூணுல ரெண்டைத்தான் எடுத்துக்கலாம், மூணாவதை விட்டுக் குடுக்கணும். சின்னப் பெட்டி கீழ வரைக்கும் இறங்குதுன்னா அதுக்கு வாட்டை அள்ளிக் கொட்டணும், அப்புறம் கோன் முன்ன பின்ன ஆடற தூரத்துக்கும் ஒரு எல்லை இருக்கு. 800 வாட்னு பின்னால எழுதி இருக்கறது வாய்ஸ் காயில் (கோனை ஆட்டற கம்பிச் சுருள்) சூட்டைத் தாங்கற கணக்கு. கீழ் ஸ்வரத்துல அதுல பாதிகூடப் போகாம கோன் எல்லையை இடிச்சுடும். பவரை டபுள் பண்ணினாலும் கிடைக்கறது 3 டெசிபெல்தான், காதுக்கு டபுளா கேக்கணும்னா சுமார் 10 டெசிபெல் வேணும், அதாவது பத்து மடங்கு வாட். என்னைக் கேட்டா எடை கம்மியா ஒரே மாதிரி ஒன்-ட்வெல்வ், அதாவது 12 இஞ்ச் ஸ்பீக்கர் ஒண்ணு இருக்கற பெட்டி, ரெண்டு வாங்குங்க. சின்ன நிகழ்ச்சிக்கு ஒண்ணு, பெரிசுக்கு ரெண்டு. மறக்காம ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குங்க, அப்பதான் மேல இருக்கறது காதுப் பக்கம் வரும்.

கேள்வி: நியோ மேக்னட் கேபினெட் தக்கையா கேக்கும்னு சீனியர் ஒருத்தர் அடிச்சு சொல்றார். நிஜமா?

பதில்: சீனியர் சொன்னா எதிர்த்துப் பேச முடியாது, இருந்தாலும் இல்லைங்க. நியோடிமியம் மேக்னட் 1980கள்ல கண்டுபிடிச்சது, அதே காந்த பலத்தைப் பல மடங்கு கம்மி எடையில குடுக்குது. கோனுக்குத் தன் பின்னால என்ன காந்தம் இருக்குன்னு தெரியாது. முதல்ல வந்த லேசான பெட்டிங்கள்ல எடையைக் குறைக்கறேன்னு பலகையையும் மெலிசாக்கி, உள்ள முட்டுக்கட்டையும் சரியாக் குடுக்காம விட்டிருந்தா பலகையே சேர்ந்து அதிர்ந்திருக்கும், கெட்ட பேர் மேக்னட்டுக்கு. கண்ணை மூடிட்டுக் கேட்டா எத்தனை பேர் கண்டுபிடிப்பாங்கன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

கேள்வி: 4 ஓம் ஃபோர்-டென் ஒண்ணு நல்ல விலைக்கு வருது, அமுக்கிடலாமா?

பதில்: அதை ஏன் விக்கறாங்கன்னு எனக்குப் பாக்காமலே தெரியும். இப்ப வர சின்ன க்ளாஸ்-டி ஆம்ப் நிறைய 4 ஓமுக்குக் (பெட்டியோட மின்தடை அளவு) கீழ போக விடாது. ஒரே ஆம்ப்ல ரெண்டு பெட்டியை பேரலலா சேர்த்தா ஓம் பாதியாகும், 8 ஓம் ரெண்டு சேர்த்தா 4, சரியாப் போச்சு. 4 ஓம் ரெண்டு சேர்த்தா 2, ஆம்ப் ப்ரொடெக்ஷன்ல போயிடும் இல்ல மண்டையைப் போடும். ஆக 4 ஓம் பெட்டி வச்சிருக்கறவர் கூட ஒண்ணு சேர்க்க ஆசைப்படற அன்னைக்கு முதல்ல இதை வித்தாகணும். இந்த ஒண்ணே போதும்னா வாங்குங்க, இல்லேன்னா 8 ஓம் வர வரைக்கும் பொறுங்க.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் பெட்டியை நேர்ல போய் எப்படிச் சோதிக்கறது?

பதில்: உங்க ஆம்ப்பை, உங்க பேஸை எடுத்துட்டுப் போங்க, கையில ஒரு மல்டிமீட்டர். முதல்ல கிரில்லைக் கழட்டச் சொல்லுங்க, தயங்கினா அதுவே ஒரு பதில். ஸ்பீக்கர் நாலும் ஒரே மாடலா பாருங்க, ஒண்ணு மட்டும் புது ஸ்க்ரூவோட பளிச்சுன்னு இருந்தா ஏன்னு கேளுங்க. கோனோட ரெண்டு பக்கமும் விரல் வச்சு சமமா, மெதுவா உள்ள அமுக்கி விடுங்க, சத்தமே இல்லாம போய் வரணும், மணல் உரசற மாதிரி ஒரு சின்ன கரகரப்பு கைக்குத் தெரிஞ்சாலும் வாய்ஸ் காயில் தேய்க்குதுன்னு அர்த்தம். போர்ட் ஓட்டைக்குள்ள மூக்கை வச்சு மோந்து பாருங்க, சிரிச்சா சிரிக்கட்டும், காயில் ஒரு தடவை சூடாகிக் கருகினா அந்த வாசனை லேசுல போகாது. கேபிளைச் சொருகி இன்னொரு நுனியில மீட்டர் வச்சா 8 ஓம் பெட்டி 6ஐ ஒட்டிக் காட்டணும், ஃபோர்-டென்ல அது 9, 12னு ஏறிக் காட்டுச்சுன்னா உள்ள ஒரு ஸ்பீக்கர் செத்துருச்சு. மீட்டருக்கு ட்வீட்டர் தெரியாது, அதனால வாசிக்கறப்ப ட்வீட்டர் குமிழைத் திருகிப் பாருங்க, உஸ்ஸு கூடிக் குறையணும். கடைசியா போன்ல டோன் ஜெனரேட்டர் ஆப் ஒண்ணைப் போட்டு ஆம்ப்ல குடுத்து, கம்மி வால்யூம்ல 40ல இருந்து 200 ஹெர்ட்ஸ் வரைக்கும் மெதுவா ஏத்துங்க, எங்கயாவது விர்ருன்னு வந்தா கைப்பிடி, கிரில், ஜாக் தட்டுன்னு ஒவ்வொண்ணா அமுக்கிப் பாருங்க. அமுக்கினதும் நின்னா ஸ்க்ரூவை முறுக்கினாப் போதும், அதைச் சொல்லி விலையைக் கொஞ்சம் இறக்கலாம். எதை அமுக்கியும் நிக்கலைன்னா கிளம்பி வந்துடுங்க, வாரக் கடைசிக்குள்ள அதே மாடல் இன்னொண்ணு விளம்பரத்துல வரும்.