டயாலிசிஸில் ரத்த அழுத்தம் இறங்குவதை முன்கூட்டிச் சொல்லும் கருவி: பணம் கொடுக்கலாமா?

கேள்வி: சர்க்கரை நோயாளியான என் தந்தைக்கு 64 வயது. தனியார் மையம் ஒன்றில் வாரம் இருமுறை, 4 மணி நேரம் டயாலிசிஸ் செய்கிறார்கள். எடை 60 கிலோ. ஒவ்வொரு முறையும் மூன்றரை லிட்டர் நீர் எடுக்கிறார்கள். மூன்றாவது மணி நேரத்தில் பி.பி. இறங்கி, உடல் வியர்த்து, கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. ரத்தத்தின் கன அளவைக் காட்டும் இயந்திரத்துக்கு மையம் கூடுதல் கட்டணம் கேட்கிறது. பி.பி. குறையப்போவதை முன்பே எச்சரிக்கும் என்று இணையத்தில் ஒரு கைக்கடிகாரமும் விற்கிறார்கள். எதற்குப் பணம் கொடுக்கலாம்? – வாசகி, திருச்சி.

பதில்: கைக்கடிகாரத்தை வாங்க வேண்டாம். இத்தகைய கடிகாரங்கள் ஒளியின் மூலம் நாடித்துடிப்பின் அலையைப் பார்த்து ரத்த அழுத்தத்தை ஊகிக்கின்றன. நீர் வேகமாக வெளியேறி, ரத்தக் குழாய்கள் சுருங்கும் டயாலிசிஸ் நேரத்தில் அந்த ஊகத்தை நம்பி முடிவெடுக்க முடியாது. பெட்டியின் ஓரத்திலோ கையேட்டிலோ ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படி அச்சிட்டுவிட்டு விளம்பரத்தில் மட்டும் நோயாளிகளுக்கு உறுதி தருவது, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தவறான விளம்பரம் என்று புகார் செய்யத்தக்கது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

மையம் சொல்லும் கருவி வேறு வகையைச் சேர்ந்தது. ரத்தம் செல்லும் குழாயின் மீது வெளியிலிருந்து ஒளியைப் பாய்ச்சி, நீர் வெளியேற வெளியேற ரத்தம் எவ்வளவு செறிவடைகிறது என்பதை அது தொடர்ந்து அளக்கிறது. இதற்காகத் தனியே ஊசி குத்த வேண்டியதில்லை. திசுக்களில் தேங்கிய நீர் ரத்தக் குழாய்க்குள் திரும்பும் வேகத்தைவிட இயந்திரம் நீரை எடுக்கும் வேகம் கூடினால், ரத்தத்தின் கன அளவைக் காட்டும் கோடு திரையில் செங்குத்தாகச் சரியும். ஆனால் எந்த அளவுக்குச் சரிந்தால் பி.பி. விழும் என்பது ஆளுக்கு ஆள் மாறுபடுகிறது. நெடுநாள் சர்க்கரை நோயால் நரம்புகள் தளர்ந்தவர்களுக்கும் இதயம் பலவீனமானவர்களுக்கும், கோடு ஓரளவு சீராக இருக்கும்போதே அழுத்தம் இறங்கிவிடக்கூடும். அமெரிக்காவில் 443 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2005-இல் வெளியான ஒரு சோதனையில், இக்கருவியால் கண்காணிக்கப்பட்டவர்களிடையே மருத்துவமனைச் சேர்க்கையும் இறப்பும் குறையவில்லை, மாறாகக் கூடுதலாகவே இருந்தன. கருவியே தீங்கு செய்தது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அது இருந்தாலே பாதுகாப்பு என்ற பேச்சை ஏற்க இதன்பின் இடமில்லை.

ஆகவே பணம் கொடுக்குமுன் மையத்திடம் ஒன்றைக் கேளுங்கள்: கோடு சரியும்போது அதைப் பார்த்து நீர் எடுக்கும் வேகத்தைக் குறைக்கப்போவது யார்? ஒரே டெக்னீஷியன் பல படுக்கைகளைக் கவனிக்கும் இடத்தில், திரையில் ஓடும் கோட்டுக்காகக் கட்டணம் செலுத்துவது வீண். சிறுநீரக மருத்துவர் உங்கள் தந்தைக்கென ஓர் எல்லையைக் குறித்துக் கொடுத்து, அதை ஊழியர்கள் பின்பற்றுவார்கள் என்றால், சில வாரங்கள் மட்டும் முயன்று பார்க்கலாம். ரசீதில் அக்கட்டணத்தைத் தனியே காட்டச் சொல்லுங்கள்.

உண்மையில், நீங்கள் எழுதியிருக்கும் எண்களிலேயே எச்சரிக்கை இருக்கிறது. 3,500 மில்லியை 60 கிலோவாலும் 4 மணியாலும் வகுத்தால், கிலோவுக்கு மணிக்கு ஏறக்குறைய 14.6 மில்லி வருகிறது. இந்த வேகம் 13-ஐத் தாண்டுவோருக்கு இறப்பு அபாயம் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அரை மணி நேரம் நீட்டித்தாலே அது 13-க்குச் சற்றுக் கீழே வந்துவிடும். வாரத்துக்கு மூன்றாவது முறை சேர்த்தால் ஒவ்வொரு முறையும் எடுக்க வேண்டிய நீரே குறையும். கூடுதல் பணம் இருந்தால் முதலில் இதற்குச் செலவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உங்கள் குடும்பம் இருந்தால், அதன்கீழ் செய்ய முடியுமா என்றும் விசாரியுங்கள். உலர் எடையை (உடலில் மிகை நீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடையை) மறுபடி கணிப்பது, டயாலிசிஸ் நாளன்று பி.பி. மாத்திரையை எப்போது கொடுப்பது, சிகிச்சையின்போது சாப்பிடலாமா ஆகியவற்றை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். உப்பைக் குறைத்தால் தாகமும் அதனால் ஏறும் எடையும் குறையும்.

வீட்டுக்கு வாங்க வேண்டியவை இரண்டே: நம்பகமான டிஜிட்டல் எடைக்கருவி ஒன்று, மேற்கையில் கட்டும் பி.பி. கருவி ஒன்று. பட்டையின் அளவு கையின் சுற்றளவுக்குப் பொருந்த வேண்டும். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக அறுவை செய்து இணைத்த ரத்தக் குழாய்) உள்ள கையில் மட்டும் ஒருபோதும் அதைக் கட்டாதீர்கள்.