டெக்ஸ்ட் கோப்புகளில் எழுதும் குறிப்புகளுக்குத் தலைப்பு, தேதி எல்லாம் எந்த வடிவில் வைப்பது நல்லது?

தேதியை 2021-04-05 என்று எழுதுங்கள். முதலில் ஆண்டு, அப்புறம் மாதம், நாள். கோப்பின் தலையில் மூன்று வரி போதும்.

அப்பாவின் சர்க்கரை அளவைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு டெக்ஸ்ட் கோப்பில் குறித்து வைப்பேன். நான் எழுதுவது 05-04-21. நம் வழக்கப்படி ஏப்ரல் 5. கருவியோடு வந்த செயலியோ அதே நாளை 04-05-21 என்று தரும். தெரியாமல் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். மருந்து மாற்றிய பிறகு அளவு இறங்கியதா என்று டாக்டர் கேட்டபோது, எது ஏப்ரல், எது மே என்று என்னால் சொல்ல முடியவில்லை. 12-க்கு மேற்பட்ட எண் வந்த வரிகளை மட்டும்தான் பிரித்தெடுக்க முடிந்தது.

ஆண்டை முன்னால் வைக்கும் இந்த முறை 1988-இல் வெளியான ஐஎஸ்ஓ 8601 என்ற பன்னாட்டுத் தரத்தில் உள்ளது. கோப்புப் பெயரும் தேதியில் தொடங்கினால், பெயர் வரிசையே கால வரிசையாகிவிடும். பூஜ்யத்தை விடாதீர்கள். 2021-4-5 என்று எழுதினால் பல கருவிகளில் அக்டோபர், ஏப்ரலுக்கு முன்னால் போய் நிற்கும். கணினி தானாகக் காட்டும் 'மாற்றிய தேதி'யையும் நம்ப வேண்டாம். கோப்புகளின் பழைய பதிப்புகளைக் காத்து வைக்கும் கிட் (Git) என்ற கருவி அதைச் சேமிப்பதே இல்லை. அதிலிருந்து வேறு கணினியில் இறக்கினால் எல்லாக் கோப்பும் அன்றைய தேதியைக் காட்டும்.

என் கோப்பின் தலை இவ்வளவுதான்:

தலைப்பு: காலைச் சர்க்கரை
தேதி: 2021-04-05
குறி: அப்பா, மருத்துவம்

அடுத்து ஒரு வெற்று வரி, பிறகு குறிப்பு.

இதையே, நிரல்கள் படிப்பதற்கென்று விதிகள் உள்ள யாமல் (YAML) வடிவிலும் எழுதலாம், நானும் கொஞ்ச நாள் எழுதினேன். தலைப்புக்குள் ஒரு முக்காற்புள்ளியும் இடைவெளியும் வந்தால் மேற்கோள் குறி போட வேண்டும், இல்லையென்றால் பிழை. நேரம் என்று ஒரு வரி சேர்த்தேன். 07:30 அப்படியே வந்தது, 10:30 மட்டும் 630 ஆகிவிட்டது! யாமல் 1.1 விதிப்படி அது அறுபதின் அடிப்படையிலான எண். பத்தை அறுபதால் பெருக்கி முப்பதைக் கூட்டிவிட்டது. 2009-இல் வந்த 1.2 பதிப்பில் இதை எடுத்துவிட்டார்கள், ஆனாலும் பழைய விதியில் ஓடும் நிரல்கள் இன்னும் இருக்கின்றன.

சரி, நாள் தெரியாத பழைய சங்கதிகளை என்ன செய்வது? பாட்டி சொன்ன கதைகளுக்கு நான் 'தேதி: 1974' என்று மட்டும் போடுகிறேன், மாதம் தெரிந்தால் 1974-06. முன்பு சொன்ன ஐஎஸ்ஓ தரம் இரண்டையும் ஏற்கிறது. கட்டத்தை நிரப்புவதற்காக ஜனவரி 1 என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். பத்து வருடம் கழித்து நீங்களே அதை உண்மை என்று நம்பிவிடுவீர்கள்.