கிறிஸ்துமஸ் ஒயினும் அரிஷ்டமும்: வயிற்றுப் பிள்ளையின் மூளைக்கு என்ன ஆகும்?

கேள்வி: எனக்கு வயது 27. மார்த்தாண்டம் பக்கம் இருக்கிறோம். இப்போது 10 வாரக் கர்ப்பம். கடைசியாக மாதவிலக்கு வந்தது டிசம்பர் 4. கர்ப்பம் என்று தெரியாமல் டிசம்பர் 24 ராத்திரியும் மறுநாளும் வீட்டில் போட்ட திராட்சை ஒயின் ஒவ்வொரு டம்ளர் குடித்தேன். ஜனவரி 20 வாக்கில்தான் டெஸ்ட் எடுத்தோம். மது குடித்தால் கருவின் மூளை ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடும் என்று போனில் ஒரு வீடியோ பார்த்ததிலிருந்து தூக்கமே இல்லை. கலைத்துவிடலாமா என்றுகூட யோசனை வருகிறது. ஸ்கேனில் தெரியுமா? உடம்பு தேறட்டும் என்று மாமியார் தினமும் காலையும் ராத்திரியும் ஆயுர்வேத மருந்தான அரிஷ்டம் தருகிறார். அதைத் தொடரலாமா?

பதில்: கலைக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கிற அளவு ஒயினுக்காகக் கருவைக் கலைக்கச் சொல்லும் டாக்டர் யாரும் இருக்க மாட்டார். ஆனால் அரிஷ்டத்தை இன்றைக்கே நிறுத்துங்கள். உங்கள் கடிதத்தில் ஒயினைப் பற்றித்தான் அழுதிருக்கிறீர்கள். எனக்கு உறுத்தியது கடைசி வரியில் போகிற போக்கில் சொன்ன அந்த அரிஷ்டம்தான்.

ஒயினை முதலில் பார்த்துவிடலாம். டிசம்பர் 4-இல் மாதவிலக்கு என்றால், கரு தரித்தது ஏறக்குறைய 18-ஆம் தேதி. 24, 25-இல் அந்தக் கரு கர்ப்பப்பையில் ஒட்டிக்கொள்ளத் தொடங்கியிருந்தால் அதுவே அதிகம். அப்போது அதற்கு மூளையும் கிடையாது, ரத்தக்குழாயும் கிடையாது. இதயம் துடிக்க ஆரம்பிப்பது கரு தரித்து மூன்று வாரம் கழித்து. மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடிப்படையான நரம்புக்குழல் மூடுவது 28-ஆம் நாள் வாக்கில், அதாவது உங்கள் கணக்கில் ஜனவரி நடுவில். கர்ப்பம் என்று தெரிவதற்கு முன் கொஞ்சமாகக் குடித்திருந்தால் குழந்தைக்குப் பாதிப்பு வரும் வாய்ப்பு குறைவு என்றுதான் பிரிட்டன் அரசின் தலைமை மருத்துவர்கள் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் சொல்கிறது. இவ்வளவு குடித்தால் பரவாயில்லை என்று ஓர் அளவை யாரும் வரையறுத்ததில்லை, அதுவும் உண்மை. ஆனாலும் அந்த இரண்டு டம்ளருக்காக நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சரி, வீடியோவில் சொன்னது பொய்யா? பொய் இல்லை, பாதிக் கதை. தாய் குடிக்கும் மது தொப்புள்கொடி வழியாகத் தடையில்லாமல் கருவுக்குப் போகிறது. கொஞ்ச நேரத்தில் தாயின் ரத்தத்தில் இருக்கிற அளவே கருவின் ரத்தத்திலும் இருக்கும். அதை உடைத்து வெளியேற்றும் வேலையைக் கருவின் ஈரல் இன்னும் கற்றிருக்காது. சிறுநீரோடு பனிக்குடத் தண்ணீரில் கலக்கிற மதுவைக் கரு மறுபடி விழுங்கும். அதனால் தாய்க்குத் தெளிந்த பிறகும் பிள்ளையைச் சுற்றி அது கொஞ்ச நேரம் தங்கிவிடுகிறது.

ரத்தக்குழாய்க்கு வருவோம். கருவுற்ற எலிகளுக்கு மது கொடுத்து, குட்டிகளின் மூளையை வயிற்றுக்குள் இருக்கும்போதே ஒளிக்கருவிகளால் பார்த்திருக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்குள் குழாய்கள் சுருங்கின. வேறு சில விலங்குகளில் மூளைத் தமனிகள் நேர்மாறாக விரிந்தன. சுருங்கினாலும் விரிந்தாலும், தேவைக்கு ஏற்ப ரத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாடு கெடுகிறது என்பதுதான் விஷயம். இது மது இறங்கும்வரை நடக்கும் கோளாறு.

இதைவிட எனக்குக் கவலை தருவது இன்னொன்று. மூளையின் மேற்பரப்பிலிருந்து நுண்குழாய்கள் உள்ளே இறங்கும்போது, புறணி என்ற மூளையின் வெளியடுக்கில் ஒன்றுக்கொன்று இணையாக, நேர்நேராக இறங்கும். நரம்பணுக்களில் சில தங்கள் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்கு இந்தக் குழாய்களையே வழியாகப் பிடித்துக்கொள்ளும். மது பட்ட மனிதக் கருக்களின் மூளைகளை ஆராய்ந்த பிரான்ஸ் ஆய்வாளர்கள், அந்த நேர்வரிசை குலைந்து குழாய்கள் கோணல்மாணலாகக் கிடந்ததை 2012-இல் வெளியிட்டார்கள். குழாய் முளைக்கத் தூண்டும் வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தின் ஏற்பிகளும், அதாவது அதன் கட்டளையை அணுக்களில் வாங்கிக்கொள்ளும் புரதங்களும், மாறியிருப்பதை எலிகளில் கண்டார்கள். பேச்சிப்பாறை அணையின் பாசனச் சானலில் ஒரு நாள் ஷட்டரை இறக்கினால் மறுநாள் ஏற்றிக்கொள்ளலாம். சானலையே கோணலாக வெட்டிவிட்டால் அந்த வயலுக்கு என்றைக்கும் தண்ணீர் அப்படித்தான் பாயும். படிப்பு, கவனம், கோபத்தை அடக்குவது போன்றவற்றில் பின்னாளில் வரும் சிரமங்களுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். ஆனால் இவையெல்லாம் ஒரே நேரத்தில் நிறைய மது ஏறியபோதும், திரும்பத் திரும்ப மது பட்டபோதும் கண்டவை. உங்கள் வீடியோ விட்டுவிட்ட மீதிப் பாதி அது.

இப்போது அரிஷ்டம். தசமூலாரிஷ்டமா, திராட்சாரிஷ்டமா என்று நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும் அரிஷ்டம் என்றாலே புளிக்கவைத்த மருந்து. மது அதில் தானாக உண்டாகிறது. பாட்டில் லேபிளைத் திருப்பிப் பாருங்கள், பொடி எழுத்தில் சதவீதம் போட்டிருப்பார்கள். 5 முதல் 12 வரை இருக்கலாம். 8 சதவீதம் என்று வைத்தால், ஒரு வேளைக்கு 30 மில்லியில் சுமார் 2 கிராம் மது, ஒரு நாளைக்கு 4 கிராம். 150 மில்லி டம்ளர் ஒயினில், 10 சதவீதம் என்று கொண்டால், 12 கிராம். அப்படியானால் மூன்று நாள் அரிஷ்டம் ஒரு டம்ளர் ஒயின். சிறிதுசிறிதாகப் போவதால் ரத்தத்தில் ஒரேயடியாக ஏறாது, அதனால் ஒயினளவுக்குப் பயமில்லை. நடந்ததற்காகப் பதற வேண்டாம். ஆனால் ஜனவரி கடைசியிலிருந்து இன்றுவரையான இந்த வாரங்களில்தான் மூளையும் அதன் குழாய்களும் உருவாகிக்கொண்டிருக்கின்றன. தேவையில்லாத ஒன்றை இந்த நேரத்தில் தினமும் ஏன் குடிக்க வேண்டும்?

மாமியாரிடம் சண்டை போட வேண்டியதில்லை. திருவிதாங்கூர் காலத்திலிருந்தே நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆயுர்வேதம் வீட்டு மருத்துவமாக இருக்கிறது. அவர் பிரியத்தில்தான் தருகிறார். "மாமி, இதில் சாராயச் சத்து இருக்காம், பேறு முடியட்டும் என்று டாக்டர் சொன்னார்" என்று சொல்லிவிடுங்கள். ஆயுர்வேதம்தான் வேண்டும் என்றால் கோட்டாறு அரசு ஆயுர்வேதக் கல்லூரி மருத்துவமனையில் கர்ப்பம் என்று சொல்லிக் கேளுங்கள். புளிக்கவைக்காத மருந்தாகப் பார்த்துத் தருவார்கள். வீட்டு ஒயினுக்கும் இதே பதில்தான். பரணியில், அதாவது ஜாடியில், திராட்சை, சீனி, ஈஸ்ட், ஒரு பிடி கோதுமை போட்டு வாயைத் துணியால் கட்டி வைப்பதில் எத்தனை சதவீதம் ஏறியது என்று போட்டவருக்கே தெரியாது. "திராட்சைச் சாறுதானே, ரத்தம் ஊறும்" என்பதை நம்பாதீர்கள். ரத்தம் ஊற இரும்புச்சத்து மாத்திரை இருக்கிறது. சுண்ணாம்பு போட்டு இறக்கிய புது அக்கானி, அதாவது பதநீர், குடிக்கலாம். புளிப்பேறியிருந்தால் அது கள், தொடாதீர்கள்.

ஸ்கேன் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நுண்குழாய்களின் வரிசை எந்த ஸ்கேனிலும் தெரியாது. மூளைத் தமனியின் ஓட்டம் பார்க்கும் டாப்ளர், பிந்திய மாதங்களில் குழந்தையின் வளர்ச்சி குறைந்தால் செய்வது. உங்களுக்கு இப்போது அது வேண்டாம், காசைக் கொட்டாதீர்கள். 18 முதல் 20 வாரத்துக்குள் எல்லோருக்கும் எடுக்கும் உறுப்பு ஸ்கேனைத் தவறவிடாதீர்கள். ஃபோலிக் அமில மாத்திரையை இன்னும் தொடங்கவில்லை என்றால் இன்றே தொடங்குங்கள். உங்கள் கிராம சுகாதார நர்ஸிடமும் டாக்டரிடமும் ஒயினையும் அரிஷ்டத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். பிறந்த பிறகு வளர்ச்சியைக் கவனிக்க அந்தக் குறிப்பு உதவும்.

இதைப் படிக்கிற வேறு யாராவது தினமும் குடிக்கிற பழக்கத்தோடு கர்ப்பமாக இருந்தால், தனியாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். கைநடுக்கம், வலிப்பு வரலாம். அது பிள்ளைக்கும் ஆபத்து. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வாருங்கள். மகப்பேறு, மனநலம் இரண்டு பிரிவு டாக்டர்களும் சேர்ந்து பார்க்க முடியும். நேரில் வரத் தயக்கம் என்றால் முதலில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

அப்புறம், பேறுகால மருந்தாக அரிஷ்டம் மறுபடி வீட்டுக்கு வரும். மது தாய்ப்பாலிலும் இறங்கும். குறைமாதக் குழந்தை என்றால் அப்போதும் வேண்டாம். நிறைமாதக் குழந்தை என்றால் பால் கொடுத்து முடித்த கையோடு ஒரு வேளை மருந்தைக் குடித்துவிட்டு, அடுத்த இரண்டு மணி நேரம் கழித்துப் பால் கொடுங்கள்.