ஜனவரியில் மட்டும் தோற்கும் பயிற்சியாளர்

கேள்வி: அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில் நான் ஆதரிக்கும் அணிக்குப் பத்தாண்டுக்கும் மேலாக ஒரே தலைமைப் பயிற்சியாளர். சீசனில் ஒன்பது, பத்து ஆட்டம் ஜெயித்துவிடுவார். ஜனவரியில், தோற்றால் வெளியேறும் சுற்றுகளான பிளேஆஃப் வந்தால் முதல் ஆட்டத்திலேயே மூட்டை கட்டிவிடுகிறோம். நண்பர்கள் அவரை சின்சினாட்டி பெங்கால்ஸின் முன்னாள் பயிற்சியாளர் மார்வின் லூயிஸோடு ஒப்பிடுகிறார்கள். "கடைசி இடத்தில் கிடக்கும் அணிகளைப் பார், நமக்கென்ன குறை" என்கிறார் அண்ணன். அவரை மாற்ற வேண்டும் என்று நான் நினைப்பது நியாயமா? மாற்றினால் நிலைமை தேறுமா? சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதமும் வந்திருக்கிறது. விட்டுவிடலாமா?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. அண்ணன் சொல்வதும் பொய்யில்லை. ஆனால் ஒன்றை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. வருடா வருடம் முதல் சுற்றில் தோற்பதற்கு ஒரு விலை உண்டு, அதை டிராஃப்டில், அதாவது அணிகள் வரிசைப்படி புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், கட்ட வேண்டும். இப்போது 14 அணிகள் பிளேஆஃபுக்குப் போகின்றன. போகாத 18 அணிகள் முதலில் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும். பிளேஆஃபின் முதல் சுற்றான வைல்டு கார்டில் தோற்றவர்களுக்கு 19 முதல் 24 வரையான இடங்கள். 12 அணிகள் இருந்த காலத்தில் அது 21 முதல் 24. லூயிஸின் சின்சினாட்டி பெங்கால்ஸ் 2013 முதல் 2016 வரை எந்தெந்த இடத்தில் தேர்ந்தெடுத்தது தெரியுமா? 21, 24, 21, 24. ஆட்டத்தையே புரட்டிப்போடும் குவார்ட்டர்பேக் (பாஸ் வீசித் தாக்குதலை நடத்துபவர்) அந்த இடம் வரை மிஞ்சியிருப்பது அபூர்வம். கடைசி இடத்து அணிக்கு அடுத்த ஏப்ரலிலாவது ஒரு நம்பிக்கை இருக்கிறது. உங்களுக்கு அதுவும் இல்லை. உங்கள் எரிச்சலின் வேர் இதுதான் என்று நினைக்கிறேன்.

லூயிஸோடு ஒப்பிடுவதற்கு முன் அவரைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 2003இல் அவர் வந்தபோது பெங்கால்ஸ் முந்தைய சீசனை 2-14 (இரண்டு வெற்றி, 14 தோல்வி) என்று முடித்திருந்தது. 1990க்குப் பிறகு அந்த அணி தோல்வியைவிட வெற்றி அதிகமான ஒரு சீசனைக்கூடப் பார்க்கவில்லை. அவர் 16 சீசன் இருந்தார். மொத்தம் 131 வெற்றி, 122 தோல்வி, 3 சமன். ஏழு முறை பிளேஆஃப், 2011 முதல் 2015 வரை தொடர்ந்து ஐந்து. 2009இல் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருதும் கிடைத்தது. பிளேஆஃபில் 0-7. எழுந்து நிற்கவே முடியாமல் கிடந்த அணியை எழுப்பி நிறுத்தியவர் அவர். அந்த மனிதரின் பெயரை வசைச்சொல்லாகப் பயன்படுத்துவது சரியில்லை.

இருந்தாலும் 0-7 என்பதைத் துரதிர்ஷ்டம் என்று தள்ளிவிடவும் முடியாது. ஒவ்வொரு ஆட்டத்திலும் வெல்லும் வாய்ப்பு சரிபாதி என்று வைத்தால் ஏழும் தோற்கும் வாய்ப்பு 128இல் ஒன்று. வாய்ப்பை 40 சதவீதமாகக் குறைத்தாலும் ஏறக்குறைய 36இல் ஒன்றுதான். அதே கணக்கை மூன்று தோல்விக்குப் போட்டால், சரிபாதி வாய்ப்புள்ள அணி மூன்றும் தோற்பது எட்டில் ஒரு முறை நடக்கும். 40 சதவீத வாய்ப்புள்ள அணிக்கு ஐந்தில் ஒன்றுக்கும் மேல். லீகில் 32 பயிற்சியாளர்கள் இருக்கும்போது அவர்களில் சிலருக்கு 0-3 வருவதில் அதிசயமே இல்லை. ஆகவே உங்களவரின் எண்ணிக்கை மூன்றுக்குள் இருந்தால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். ஐந்தைத் தாண்டிவிட்டால் காரணம் தேட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

காரணத்தைத் தேட ஒரு மாலைப்பொழுது போதும். அவர் தோற்ற ஒவ்வொரு பிளேஆஃப் ஆட்டத்தின் புள்ளிவிவரத்தையும் எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள்: சொந்த மைதானமா வெளியூரா, ஆரம்பித்த குவார்ட்டர்பேக் யார், முதல் பாதி ஸ்கோர், இரண்டாம் பாதி ஸ்கோர், பந்தை எத்தனை முறை பறிகொடுத்தார்கள், அபராத யார்டு எவ்வளவு, கடைசி ஐந்து நிமிடத்தில் டைம்-அவுட்டை எப்படிச் செலவழித்தார்கள். இறுதி ஸ்கோரைவிட முக்கியமானது பாதிவாரியான ஸ்கோர். முதல் பாதிக்கான திட்டத்தை வாரம் முழுக்க உட்கார்ந்து தயாரிக்கிறார்கள். எதிரணி அதற்கு மாற்று கண்டுபிடித்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பது இரண்டாம் பாதியில்தான் தெரியும்.

லூயிஸின் ஏழு ஆட்டங்களை இப்படி எழுதிப் பார்த்தால் ஒன்று கண்ணில் அறைகிறது. 2005 சீசனில் ஸ்டீலர்ஸுக்கு எதிராக இடைவேளையில் 17-14 என்று முன்னிலை, இரண்டாம் பாதியில் பூஜ்யம், 31-17 தோல்வி. 2011இல் டெக்சன்ஸிடம் இரண்டாம் பாதியில் பூஜ்யம். 2013இல் சார்ஜர்ஸுக்கு எதிராகச் சொந்த மைதானத்தில் 10-7 முன்னிலை, பிறகு 20-0 என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அந்த சீசனில் அதே மைதானத்தில் எட்டு ஆட்டம் ஆடி எட்டையும் ஜெயித்திருந்த அணி அது! 2014இல் கோல்ட்ஸிடமும் இடைவேளைக்குப் பிறகு பூஜ்யம். ஏழில் நான்கு ஆட்டங்களில் இரண்டாம் பாதி முழுக்க ஒரு புள்ளிகூட இல்லை. ஏழு ஆட்டங்களிலும் சேர்த்து 90 புள்ளி எடுத்து 176 கொடுத்தார்கள். எந்த ஆட்டத்திலும் 17ஐத் தாண்டவில்லை. இதற்குள் குவார்ட்டர்பேக் மாறினார், தாக்குதல் திட்டத்தை வகுக்கும் உதவிப் பயிற்சியாளர்களான ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டர்கள் மாறினார்கள், எதிரணிகள் மாறின. எல்லாம் மாறியும் குறை அப்படியே இருந்தால் மாறாமல் இருந்தவரைத்தான் கேட்க வேண்டும்.

அந்தத் தாளில் சில தோல்விகளை அடித்துவிடவும் வேண்டும், அதுதான் நேர்மை. 2005 ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் கார்சன் பாமர் தன் முதல் பாஸை 66 யார்டுக்கு வீசிய அதே நொடியில் முழங்கால் போய் வெளியேறினார். அதை எந்தப் பயிற்சியாளர் தலையில் கட்ட முடியும்? 2014இல் பாஸ் பிடிக்கும் முன்னணி வீரர் ஏ.ஜே. கிரீன் ஆடவில்லை. 2015இல் குவார்ட்டர்பேக் ஆண்டி டால்டன் கட்டைவிரல் முறிந்து உட்கார்ந்திருந்தார். பறிகொடுத்த பந்துகளையும் பிரித்துப் பாருங்கள். பாஸை எதிரணி பிடித்துவிடும் இன்டர்செப்ஷனில் குவார்ட்டர்பேக்குக்கும் ஆட்டத் திட்டத்துக்கும் பங்கு உண்டு. கை நழுவித் தரையில் உருளும் பந்தான ஃபம்பிளை யார் எடுப்பார்கள் என்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம். சார்ஜர்ஸ் பயிற்சியாளர் மார்ட்டி ஷாட்டன்ஹைமருக்கு 2007 ஜனவரியில் நடந்ததைப் பாருங்கள். சார்ஜர்ஸ் 21-13 என்று முன்னிலை. கடைசி முயற்சியான நான்காவது டவுனில் பேட்ரியாட்ஸ் குவார்ட்டர்பேக் டாம் பிரேடியின் பாஸை சார்ஜர்ஸின் மார்லன் மெக்கிரீ பிடித்தார். தட்டிவிட்டிருந்தாலே பந்து சார்ஜர்ஸுடையதாகியிருக்கும். பிடித்துக்கொண்டு ஓடி அதை நழுவவிட, பேட்ரியாட்ஸ் எடுத்து 24-21 என்று ஜெயித்தது. 14-2 என்று சீசனை முடித்த ஷாட்டன்ஹைமரை அடுத்த மாதமே நீக்கினார்கள். அவருடைய மொத்த பிளேஆஃப் கணக்கான 5-13ஐ நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த ஓர் ஆட்டம் அவர் கணக்கில் வரக்கூடாது.

அடிக்கக் கூடாத தோல்வி எது என்பதற்கு லூயிஸின் கடைசி பிளேஆஃப் ஆட்டமே உதாரணம். 2016 ஜனவரி 9, ஸ்டீலர்ஸ். 15-0 என்று பின்தங்கிய பெங்கால்ஸ் 16-15 என்று முந்துகிறது. இரண்டு நிமிடத்துக்கும் குறைவாகத்தான் மீதம். பெங்கால்ஸின் வான்டேஸ் பர்ஃபிக்ட் இன்டர்செப்ஷன் எடுக்கிறார். அடுத்த நகர்விலேயே அதே அணியின் ஜெரமி ஹில் பந்தை நழுவவிடுகிறார். இதுவரை துரதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். அதற்குப் பிறகு நடந்ததை அப்படி விட முடியாது. பர்ஃபிக்ட்டுக்கு 15 யார்டு அபராதம், உடனே ஆடம் ஜோன்ஸுக்கு இன்னொரு 15. இலவசமாகக் கிடைத்த அந்த 30 யார்டில் ஸ்டீலர்ஸ் 35 யார்டு ஃபீல்டு கோல் (பந்தை உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) தூரத்துக்கு வந்து 18-16 என்று ஜெயித்தது. சொந்த வீரர்களின் கோபத்தை அடக்கி வைப்பது தலைமைப் பயிற்சியாளரின் வேலை. அதை அவர் வேறு யாரிடமும் ஒப்படைக்க முடியாது.

தாளை முடித்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் இவர்கள் எதை மாற்றினார்கள்? எண்ணிக்கையைவிட நான் இதைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். டால்டன் தன் நான்கு பிளேஆஃப் ஆட்டங்களில் மொத்தம் ஒரு டச்டவுன் பாஸ், ஆறு இன்டர்செப்ஷன். அந்த நான்கில் மூன்றை அவர் தோற்று முடித்திருந்தபோது, 2014 ஆகஸ்ட்டில், பெங்கால்ஸ் அவருக்கு ஆறு ஆண்டு நீட்டிப்புக் கொடுத்தது. 2017இல் 7-9 என்று முடித்த பிறகு லூயிஸுக்கும் இரண்டு ஆண்டு நீட்டிப்பு கிடைத்தது. இதற்கு நேரெதிராக ஆண்டி ரீடை எடுத்துக்கொள்ளுங்கள். கான்சஸ் சிட்டி சீஃப்ஸில் அவருடைய முதல் சில ஜனவரிகள் உங்கள் ஜனவரிகளைவிடக் கொடுமையானவை. 2013 சீசனில் கோல்ட்ஸுக்கு எதிராக 38-10 என்று முன்னிலையில் இருந்து 45-44 என்று தோற்றார். 2016 சீசனில் ஒரு டச்டவுன்கூட விடாமல் ஆறு ஃபீல்டு கோலுக்கு ஸ்டீலர்ஸிடம் 18-16 என்று தோற்றார். ஆனால் 12-4 என்று முடித்த அந்த சீசனின் முடிவில் சீஃப்ஸ் என்ன செய்தது? டிராஃப்டில் தன் 27ஆம் இடத்தோடு அந்த ஆண்டின் மூன்றாம் சுற்றுத் தேர்வையும் அடுத்த ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வையும் கொடுத்து 10ஆம் இடத்துக்கு ஏறி குவார்ட்டர்பேக் பாட்ரிக் மஹோம்ஸை எடுத்தது. ஜெயித்துக்கொண்டிருந்த குவார்ட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித் அணியில் இருக்கும்போதே! பிறகு லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் வந்த மூன்று வெற்றிகள் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

மாற்றினால் தேறுமா என்று கேட்டீர்கள். இரண்டு பக்கமும் சான்று இருக்கிறது. டோனி டங்கியை 2001 சீசனுக்குப் பிறகு டாம்பா பே நீக்கியது, பின் வந்த ஜான் க்ரூடன் அடுத்த சீசனிலேயே சூப்பர் பவுல் ஜெயித்தார். 12-4 என்று முடித்த ஜான் ஃபாக்ஸை அனுப்பிவிட்டு கேரி கூபியாக்கைக் கொண்டுவந்த டென்வரும் அப்படியே ஜெயித்தது. இரண்டு அணிகளிலும் லீகின் முதல்தரத் தடுப்பு அணி ஏற்கெனவே தயாராக இருந்தது என்பதை மறக்க வேண்டாம். ஷாட்டன்ஹைமரை அனுப்பிய சார்ஜர்ஸுக்கு அது நடக்கவில்லை. சின்சினாட்டியில் லூயிஸுக்குப் பின் வந்த ஸாக் டெய்லரின் முதல் சீசன் 2-14, அடுத்தது 4-11-1. அந்த 2-14தான் 2020 டிராஃப்டில் முதல் இடத்தையும் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோவையும் கொடுத்தது. 2022 ஜனவரி 15இல் ரெய்டர்ஸை 26-19 என்று வென்றபோது, 1991 ஜனவரிக்குப் பிறகு அந்த அணிக்கு அதுதான் முதல் பிளேஆஃப் வெற்றி. அதே ஓட்டத்தில் சூப்பர் பவுல் வரை போய் ராம்ஸிடம் மூன்று புள்ளியில் தோற்றது. அதாவது மாற்றம் கேட்கிறவர் இரண்டு மோசமான சீசன்களுக்கும் சேர்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறார். அதற்கு நீங்கள் தயாரா என்று அண்ணன் கேட்டால் நேராகப் பதில் சொல்லுங்கள். பொறுமைக்கும் ஒரு சான்று சொல்லிவிடுகிறேன். பில் கவர் 1992இல் ஸ்டீலர்ஸுக்கு வந்து, அரையிறுதிகளைச் சொந்த மைதானத்திலேயே திரும்பத் திரும்பத் தோற்று, 14ஆவது சீசனில்தான் சூப்பர் பவுல் ஜெயித்தார். பாமர் காயமடைந்த அந்த ஆட்டத்தில் பெங்கால்ஸை வீழ்த்தியதும் அதே அணிதான். ஆனால் கவர் பிளேஆஃபில் ஜெயிக்கத் தெரியாதவர் இல்லை, இறுதிப்படியில் தடுக்கியவர். முதல் சுற்றையே தாண்டாத ஒருவருக்கு அவரை உதாரணம் காட்டுவது பொருந்தாது.

சீசன் முடிந்ததும் கவனிக்க வேண்டிய நாட்கள் சில உண்டு. கடைசி சீசன் ஆட்டத்துக்கு மறுநாள் திங்கட்கிழமை பெரும்பாலான நீக்கங்கள் நடக்கும். பிளேஆஃபுக்குப் போன அணி என்றால் தோற்ற சில நாளில். உங்களவர் தப்பிவிட்டால் கோஆர்டினேட்டர்கள் மீது கண் வையுங்கள். வெளியிலிருந்து, வேறு பாணியில் பழகிய ஒருவரைக் கொண்டுவந்தால் அது மாற்றம். உள்ளேயே இருந்த உதவியாளருக்குப் பதவி உயர்வு கொடுத்தால் அநேகமாகப் பழைய ஆட்டமே தொடரும். லூயிஸிடம் 2014இலும் 2016இலும் நடந்தது அதுதான். மார்ச்சில் புது வீரர்களைச் சேர்க்கும்போது உங்கள் தாளில் தெரிந்த ஓட்டையை அடைக்கிறார்களா என்று பாருங்கள்.

இனி டிக்கெட். உங்கள் இருக்கை காலியானால் உரிமையாளர் வீட்டில் அடுப்பு அணையாது. தொலைக்காட்சிப் பணம் முதலான லீகின் பொது வருமானம் 32 அணிகளுக்கும் சமமாகப் பிரிகிறது. கணக்கை வெளியிடும் கிரீன் பே பேக்கர்ஸ், 2024 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் தன் பங்காக 40 கோடி டாலருக்கு மேல் பெற்றது. ஆகவே பயிற்சியாளரைத் தண்டிப்பதற்காக டிக்கெட்டை விடாதீர்கள். உங்களுக்கே அது இனி சந்தோஷம் தரவில்லை என்றால் விடுங்கள்.

விடுவதற்கு முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். பல மைதானங்களில் சீசன் டிக்கெட்டோடு இருக்கை உரிமத்தையும் தனியாகப் பணம் கொடுத்து வாங்கியிருப்பீர்கள். புதுப்பிக்கத் தவறினால் அந்த உரிமமும் கைவிட்டுப் போகலாம். பெயர் மாற்றி விற்க அனுமதி உண்டா, எந்தத் தேதிக்குள், கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சீசன் டிக்கெட் என்றால் வழக்கமாக 10 ஆட்டம், அதில் ஒன்றோ இரண்டோ சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டம். வருடத்துக்கு நான்கைந்து முறைதான் போகிறீர்கள் என்றால் தனித்தனியாக வாங்குவது பெரும்பாலும் மலிவு, பிளேஆஃப் டிக்கெட்டில் கிடைக்கும் முன்னுரிமையை மட்டும் இழப்பீர்கள். கடைசித் தேதி வரை பணம் கட்டாமல் காத்திருங்கள், கோஆர்டினேட்டர் யார் என்பது அதற்குள் தெரிந்துவிடலாம். விடுவதாக முடிவெடுத்தால் உங்கள் கணக்கைப் பார்க்கும் அலுவலருக்குச் சும்மா "திருப்தியில்லை" என்று எழுதாதீர்கள். எந்தெந்த ஆட்டத்தில் இரண்டாம் பாதியில் எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்று உங்கள் தாளிலிருந்து மூன்று வரி எழுதி, எந்த மாற்றம் நடந்தால் திரும்பி வருவீர்கள் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள்.